அடக்கப் பதிவேட்டில் பாக்கியம்

வடவாற்றுக்கு அக்கரையில் பரிசுத்த மாற்கு ஆலயத்தைக் கட்டியபோது சுற்றிலும் வயல்தான். இப்போது மனைக்கல்லும் மாடி வீடுமாக இருக்கிறது. நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஷார்ஜாவிலும் கனடாவிலும் இருந்தார்கள். ஆலயத்தின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலரை இன்டர்நெட்டிலும் போட வேண்டும் என்று அவர்கள்தான் போதகர் ஆரோனைப் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

வரலாறு எழுதும் பொறுப்பு அமிர்தம் டீச்சருக்கு வந்தது. எழுபதுகளில் இறந்துபோன உபதேசியார் ஐயாவுவின் மகள் என்பதால் அவரைவிட்டால் ஆளில்லை என்றார்கள். மூலைக்கல் நாட்டிய வெள்ளைக்காரப் பாதிரியார், புயலில் பறந்த கூரை, லண்டனிலிருந்து கப்பலில் வந்த மணி என்று எல்லாம் எழுதி முடித்துவிட்டாள். மிச்சம் கடைசிப் பக்கங்கள்தான். அதில் நித்திரையடைந்தோர் பட்டியல், அதாவது சபையில் மரித்தவர்களின் பெயர்கள், வரவேண்டும்.

"வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குக் குடுக்கணும் டீச்சர். அடக்கப் பதிவேட்டைப் பார்த்து அப்படியே இறக்கிடுங்க" என்றிருந்தார் போதகர்.

அப்படியே இறக்கத்தான் முடியவில்லை. 1969ஆம் வருஷப் பக்கத்தில், 'பாக்கியம், வயது 21, உபதேசியார் மகள்' என்று ஒரு வரி இருந்தது. எழுத்து அமிர்தத்தினுடையது. பாக்கியம் அவளுடைய அக்கா. முத்துப்பேட்டையில் சைத்தூன் பீவி என்ற பெயரில், இரண்டு பிள்ளைகளைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறாள்.

மீரா உசேனோடு நிக்காஹ் முடிந்தது என்று அக்காவின் கடிதம் வந்த அன்று, அப்பா பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். "நீ எழுதும்மா" என்றார். பத்தொன்பது வயது அமிர்தம் எழுதினாள். குருவானவர் டவுனிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். பதிவேடுகள் அப்பாவின் பொறுப்பு. யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்களுக்கு விஷயம் தெரியும், தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து கல்லறைத் திருநாள்தோறும் மரித்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது அக்காவின் பெயரும் வரும். முப்பத்தேழு தடவை வந்துவிட்டது. அப்பா போனபிறகு அக்கா வீட்டுக்கு வரப்போக இருந்தாள், பெருநாளுக்குப் பிரியாணி அனுப்பினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று அமிர்தம் தன்னைக் கேட்டுக்கொண்டபோது வந்த பதில் அவளுக்கே கூச்சமாக இருந்தது. முதல் சில வருஷங்கள் அந்த வாசிப்புக்காக அவள் காத்திருந்தாள். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை, ஊரே எழுந்து நிற்க, யாரோ ஒருவர் உரக்கப் 'பாக்கியம்' என்று சொல்வார். அது போதும் போலிருந்தது. பிறகு அது பழகிவிட்டது, பழகியதைப் பற்றி வெட்கமும் வந்துவிட்டது.

போதகரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "விட்டுடலாமே டீச்சர். ஒரு பேரு குறைஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?"

ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. சபைப் பட்டியலில் அப்பாவே அடித்துவிட்டார். இந்த ஆலயத்தில் அக்காவின் பெயர் இருப்பது இந்த ஒரு வரியில்தான். இதையும் விட்டால், இந்த ஆலயமும் மணிக்கூண்டும் அவளைப் பார்த்ததே இல்லை என்றாகிவிடும். எழுதினாலோ, அடுத்த மாதம் விழாவுக்கு வருகிறேன், மருமகள் ஜஸீலா கூட்டிவருவாள் என்று சொல்லியிருக்கும் அக்கா மலரைப் பிரித்துத் தன் சாவைப் படிப்பாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போன் போட்டாள். முன்னுரை எதுவும் வைக்காமல் சொன்னாள். மறுமுனையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "அதை நிறுத்து ஜஸீலா" என்று அக்காவின் குரல் கேட்டது.

"என்னடி சொல்ற? நான் செத்து முப்பத்தேழு வருஷமாச்சா?"

"ஆமாங்கா."

"அடிப்பாவி! ஒவ்வொரு வருஷமும் கேட்டுட்டு ஆமென் வேற சொன்னியா?"

"சொன்னேன்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நின்றது. அமிர்தம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன நோவுன்னு எழுதின?"

"காரணம்ங்கிற கட்டம் காலியா இருக்கு. அப்பா விடச் சொல்லிட்டாரு."

"ம். பொய் எழுத மனசு வரல அவருக்கு." குரல் இறங்கியிருந்தது. "அழுதாரா?"

"தெரியலக்கா. மை காயறதுக்குள்ள பதிவேட்டை மூடிட்டாரு. உன் பேரு எதிர்ப்பக்கத்துல கண்ணாடியில தெரியற மாதிரி இடவலம் மாறி ஒட்டியிருக்கு. அப்புறம் அவரே போய் சாவுமணி அடிச்சாரு. வயசுக்கு ஒண்ணுன்னு இருபத்தொண்ணு. எண்ணிட்டே நின்னேன்."

"இருபத்தொண்ணும் அடிச்சாரா?"

"ஒண்ணு குறையல."

"தோள்வலிக்காரரு" என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இப்ப என்னடி பண்ணப்போற?"

"எடுத்துடவா?"

"எடுத்துட்டா நான் அங்க எங்க இருப்பேன்? எடுக்காத. ஆனா செத்தவங்களோட போடாத, நல்லாயில்ல. எனக்குப் பேரன் பொறக்கப்போறான்."

வெள்ளிக்கிழமை காலை அமிர்தம் தாள்களைப் போதகரிடம் கொடுத்தாள். நித்திரையடைந்தோர் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. வரலாற்றில், புயலுக்கும் மணிக்கூண்டைப் புதுப்பித்ததற்கும் நடுவில் ஒரு பத்தி புதிதாக வந்திருந்தது.

'1969இல் உபதேசியார் ஐயாவுவின் மூத்த மகள் பாக்கியம் ஓர் இஸ்லாமியரை மணந்தார். அதற்காக அவரை மரித்தவராக இச்சபையின் பதிவேட்டில் எழுதி, மணியும் அடித்தோம். அவர் முத்துப்பேட்டையில் நலமாக இருக்கிறார். பதிவேட்டில் எழுதியவள் நான்.'

போதகர் இரண்டு முறை படித்தார். "கனடாக்காரங்கள்லாம் படிப்பாங்க டீச்சர். கடைசி வரி வேணுமா? அதை மட்டும் எடுத்துடலாமே."

"அது இல்லாட்டி மத்தது எதுவும் வேண்டாங்க" என்றாள் அமிர்தம்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அமிர்தம் பதிவேட்டை அலமாரியில் வைக்கப் போனவள், விழாவுக்கு வரும் அக்கா அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கேட்பாள் என்று நினைத்து, மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தாள்.