இரண்டு வலது கையுறைகள்

1

இந்தக் கதை ஒரு பல் டாக்டரின் குப்பைக்கூடையில் கிடைத்தது. போன மாதம் என் வாயைப் பார்த்து முடித்ததும் அவர் கையுறைகளை உரித்து அதில் போட்டார். "கழுவி வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ஆம்பூர் முழுக்கத் தோல் காயும், எங்கள் ஆஸ்பத்திரிக் கொல்லையில் கைகள் காயும்." (அழகாக இருக்கிறது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

2

1979. பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. நான் கம்பவுண்டர். நர்ஸ் அஃப்ஸர் ஜஹான் வாணியம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அப்போதெல்லாம் ஒரே ரப்பர் கையுறையைப் பல முறை போடுவோம். அஃப்ஸர் ஒவ்வொன்றையும் கழுவி, தண்ணீர் நிரப்பி, வாயை முறுக்கி அழுத்திப் பார்ப்பார். ஊசிமுனையளவு பீய்ச்சினாலும் அது ஆபரேஷனுக்கு ஆகாது. ஒட்டுப் போட்டு, புண் கட்டும் வேலைக்கு ஒதுக்குவார். பிறகு உலர்த்தி, பவுடர் தூவி, மூடி போட்ட எஃகு டிரம்மில் அடுக்கி நீராவியில் வேகவைப்பார். அந்தப் பவுடர் வாசனை இப்போதும் சில சமயம் எனக்கு

(முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கையுறை இரண்டு பக்கமும் காவல். டாக்டர் கையில் இருப்பது நோயாளிக்குப் போகாது, நோயாளியிடம் இருப்பது டாக்டருக்கு வராது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் இருக்கும். அதனால் கையையும் தேய்த்துக் கழுவியாக வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் அஃப்ஸர்.)

3

ஒரு மத்தியானம் சந்திராவை ஜட்கா வண்டியில் கொண்டுவந்தார்கள். தோல் தொழிற்சாலையில் வேலை செய்த லோகநாதனின் மனைவி. குழந்தை வீட்டிலேயே பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடி மட்டும் வரவில்லை. ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் கோதண்டபாணி உள்ளே கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நல்ல கையுறைகள் எல்லாம் காலை ஆபரேஷன்களுக்குப் போய்விட்டு, ஈரத்தோடு கொடியில் தொங்கின.

"அதை வேகவெச்சு எடுக்க முக்கா மணி நேரம் ஆவும் சார்."

"அதுவரைக்கும் இந்தப் பொண்ணு தாங்காதும்மா. கையை நல்லாத் தேச்சுட்டேன். வெறுங்கையாலயே எடுத்துர்றேன்."

(இந்த இடத்தில் டாக்டரைக் கோபக்காரராக எழுதியிருந்தேன். பொய். அவர் குரல் நடுங்கியது. திருத்திவிட்டேன்.)

"காலைல ஒரு சீழ்ப் புண்ணைத் தொட்ட கை சார்."

சொல்லிக்கொண்டே அஃப்ஸர் டிரம்மைத் திறந்தார். வேகவைத்த, ஆனால் ஒட்டுப் போட்ட கையுறைகள்தான் இருந்தன. இடுக்கியால் இரண்டு வலது கையுறைகளை எடுத்தார்.

"இதுல கட்டைவிரல்ல ஒட்டு. இதுல சுண்டுவிரல்ல. ஒண்ணு மேல ஒண்ணு போடுங்க சார். ஓட்டை மேல ஓட்டை வராது."

 டாக்டர் கையை நீட்டினார்.

நஞ்சுக்கொடி வந்தது. ரத்தம் நின்றது.

4

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் மூன்றாம் நாள் சந்திராவுக்குக் காய்ச்சல் அடித்தது.

"நான் குடுத்த கிளவுஸாலயா சார்?"

"சொல்ல முடியாதும்மா. வீட்ல பிரசவம் பாத்தவங்க கை எப்படி இருந்ததோ. ஒண்ணு சொல்றேன், நான் வெறுங்கையை விட்டிருந்தா ஜாஸ்தி ஆபத்து."

அஃப்ஸருக்கு அது போதவில்லை. இரண்டு நாள் வாணியம்பாடி பஸ் ஏறாமல் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். பென்சிலின் ஊசியை வேறு யாரையும் போடவிடவில்லை. டிரம்மில் இருந்த கையுறைகளை எல்லாம் வெளியே எடுத்து மறுபடியும் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். 

5

ஐந்தாம் நாள் காலை அஃப்ஸர் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே கட்டிலருகே போனார்.

"இன்னா பண்ணுது சந்திரா?"

"பசிக்குதுக்கா."

நான் இட்லி வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது அஃப்ஸர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கட்டில் சட்டத்தில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். சந்திரா உதட்டில் விரல் வைத்து என்னைத் தடுத்தாள்.

காய்ச்சல் எதனால் வந்தது என்று இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அந்த ஒட்டுக் கையுறை. இன்னொன்றில் வீட்டில் பார்த்த பிரசவம். இரண்டையும் கிழித்துவிட்டேன். அஃப்ஸருக்கே கடைசிவரை தெரியாததை நான் எப்படிச் சொல்வது? உங்களுக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் மட்டும் போடாதீர்கள். அவர் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார்.