பரணில் நடப்பவன்

"ஏணிய நல்லா பிடிச்சுக்கோக்கா," என்றான் தம்பி. அதற்குள் இரண்டு படி ஏறிவிட்டிருந்தான். கையில் சுருட்டிய கம்பிவலை, சட்டைப்பையில் ஆணிகள். கூடத்தில், ஏணிக்கு நாலடி தள்ளி, அம்மா வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள்.

அம்மாவின் உயிர் போனது விடியற்காலையில். தம்பி வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. வந்தவன் தலைமாட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அழுதுகொண்டிருக்கும்போதே தலைக்கு மேலிருந்த பரண் பலகையின் இடுக்கு வழியாக ஒரு வைக்கோல் துரும்பு அம்மாவின் நெற்றியில் விழுந்தது. உள்ளே மைனாக் குஞ்சுகளின் கூச்சல் காதைப் பிளந்தது. சாவு வீட்டில் ஆண்களுக்குக் கை சும்மா இருக்காது. அவன் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு ஏணி எங்கே என்று கேட்டான்.

"இப்ப எதுக்குடா இதெல்லாம்? எல்லாம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"வர்றவங்க என்ன நினைப்பாங்க? அம்மா மேல குப்பை கொட்டுது. ஓட்டு இடுக்கை உள்ளேருந்து அடைச்சுட்டா பெரிய பறவை வராது. சத்தம் தானா அடங்கிடும்."

எப்படி அடங்கும் என்று அவன் யோசிக்கவில்லை. அக்காவும் குஞ்சுகளைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் இல்லை. மேலே, நேற்றிலிருந்து எடுக்காமல் விட்ட ஒரு தட்டு இருந்தது. அவளுடைய கவலையெல்லாம் அதுதான்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள். சில வாரங்களுக்கு முன்பு ஒரே ஒரு ஓடு விலகியிருந்தது. அந்த வழியாக நுழைந்த மைனா ஜோடி பரண் முழுவதையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டது. ஓடு மாற்றுபவர் ஏறிப் பார்த்துவிட்டு, "குஞ்சு பறக்கட்டும்மா, அப்புறம் அடைக்கலாம். இப்ப அடைச்சா உள்ளேயே செத்து நாறும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியதும் அப்போதுதான். பலகைமேல் தத்தி ஓடும் சத்தம் கேட்டால், "மேல யாருடி நடக்கிறா?" என்று பதறுவாள். மைனா என்றால் நம்பமாட்டாள். கேட்டதையே கேட்டு உயிரை வாங்குவாள். ஒரு நாள் அம்மாவின் படுக்கைத்துணியை மாற்றிக்கொண்டிருந்த அக்கா, அலுத்துப்போய், "வேற யாரு, உன் பிள்ளைதான்! வந்து மேல உக்காந்து படிக்கிறான்," என்றாள். பள்ளிக்கூட நாட்களில் அவன் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்தப் பரணில்தான்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "சாப்பிட்டானா?" என்றாள்.

அன்றோடு பதற்றம் நின்றது. அக்காவுக்கு மட்டும் ஒரு வேலை கூடியது. அவன் சின்ன வயதில் சாப்பிட்ட விளிம்பு நசுங்கிய தட்டில் மதியம் சோறு போட்டு, அம்மா பார்க்கப் பார்க்க மேலே வைத்துவிட்டு வரவேண்டும். மாலையில் வெறும் தட்டை அம்மாவிடம் காட்டவேண்டும். மைனாக்கள் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை. "வழிச்சுத் தின்னிருக்கான் பாரு," என்று அம்மா பூரித்துப்போவாள்.

அதற்கு முன்பெல்லாம் எப்போது வருவான், எப்போது வருவான் என்று அரித்துக்கொண்டே இருந்தவள், அதன்பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மகன்தான் வந்துவிட்டானே. அம்மா கேட்பதை நிறுத்தியதும் அக்காவும் போன் போட்டு அவனை விரட்டுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் ஓய்ச்சல் வேண்டியிருந்தது. விரட்டியிருந்தால் வந்திருப்பான். அந்த நினைப்பு காலையிலிருந்து அவளை விடவில்லை.

வந்ததிலிருந்து அவனும் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். "கடைசியா அம்மா என்னைக் கேட்டாங்களாக்கா?" அவள் ஒவ்வொரு தடவையும் "ம்" என்றாள்.

பரண் மூடி நகர்ந்தது. தூசி கொட்டியது. குஞ்சுகள் சட்டென்று வாயை மூடிக்கொண்டன.

"அக்கா."

"என்னடா?"

"என் தட்டு இங்க இருக்கு."

அவள் ஏணியை இறுக்கிப் பிடித்தாள்.

"இதுல சோறு இருந்திருக்கு. காஞ்சு ஒட்டியிருக்கு. யாருக்குக்கா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "உனக்குத்தான்," என்றாள். "நீ வந்து மேல இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். மைனா நடக்கிறப்பல்லாம் நீதான்னு நம்பினாங்க. எனக்கு முடியலடா. ஒரு நாள் வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் அவங்க உன்னைத் தேடவே இல்ல."

அவன் தலையும் தோளும் பரணின் இருட்டுக்குள் இருந்தன. அவளுக்குத் தெரிந்தது அவன் கால்கள் மட்டும்தான். கட்டைவிரல் எட்டிப்பார்க்கும் ஓட்டைக் காலுறை. வந்த பதற்றத்தில் கழற்றக்கூடத் தோன்றியிருக்காது.

"எத்தனை நாளா?"

"குஞ்சு பொரிச்சதுலேருந்து."

கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. கம்பிவலைதான் கீழே இறங்கி வந்தது.

"இதைப் பிடி."

வாங்கிக்கொண்டாள். அவன் கைகளை ஊன்றி உள்ளே ஏறினான். கால்கள் மறைந்தன. பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. குனிந்தபடி மெல்ல மெல்ல நடந்து, அம்மாவுக்கு நேர்மேலே வந்து நின்றான்.

இரவல் நாற்காலிகளோடு உள்ளே வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அண்ணாந்து பார்த்தாள். "மேல யாரு நடக்கிறா?"

"தம்பிதான்," என்றாள் அக்கா.

பலகை இடுக்கிலிருந்து கொஞ்சம் தூசி அம்மாவின் கன்னத்தில் உதிர்ந்தது. அதைத் துடைக்க அவள் அவசரப்படவில்லை.