எட்டாவது மாடிப் புகார்

முனைவர் ஆய்வுக்காக என் மாணவர்களிடம் நான் சேர்த்த அறுபத்திரண்டு மலாய்க் கட்டுரைகளில் ஐம்பத்தேழு, "இந்த உலகமயக் காலத்தில்" என்றுதான் தொடங்கின. தண்ணீர்ச் சிக்கனமா, உலகமயம். குடும்ப உறவா, அதற்கும் உலகமயம். எரிச்சலாக வந்தது. அந்த வரியைப் பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னவளே நான்தான் என்பது அதைவிட எரிச்சல்.

ஈப்போவின் சிலிபின் பகுதித் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு மலாய்க் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் அந்தத் தாளில் தவறியவர்கள் மறுதேர்வு எழுத வருவார்கள். கலாதேவிக்கு இது மூன்றாவது முறை. ஆயர் தாவார் தோட்டத்தில் பிறந்தவள், என் வயதுக்காரி, முப்பத்தொன்பது. ஈப்போ மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத்தில் தரை துடைக்கிறாள். தேறினால் அங்கேயே வார்டு உதவியாளராக நிரந்தர வேலை உண்டு. ஆனால் நாற்பதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை வகுப்பிலும் உலகமயத்தில்தான் தொடங்கினாள். மூன்றாவது வரியில் மனப்பாடம் அறுந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போது கைப்பேசி ஒலித்தது. அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் நிர்வாகி. மண்டப வாசலில் நின்று மலாயில் ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள். ஐந்து மாதமாக ஓடாத மின்தூக்கி, டயாலிசிஸுக்குப் போகும் பக்கத்து வீட்டு டோரிஸ் அக்கா, எட்டு மாடி, அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கும் பாடு. ஓரிடத்திலும் தடுமாறவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இவளுக்கா நான் வரி கடன் கொடுத்தேன்?

"புகாரை எழுதிக் குடுத்தாதான் பாப்பானாம், டீச்சர்," என்று முகம் சிவக்க வந்தாள்.

"இப்ப பேசுனத அப்படியே எழுது."

"சண்டையெல்லாம் கட்டுரையா? மார்க் போயிரும்லா."

"மனப்பாடத்துல ரெண்டு தடவ போச்சே, அது பரவால்லயா?"

இரண்டு பக்கம் எழுதினாள். பிழைகள் இருந்தன, திருத்தினோம். உலகமயத்தைப் பலகையிலிருந்து அழித்தேன். அதற்குப் பிறகு வகுப்பில் எல்லாரும் முதலில் தங்கள் குறையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொட்டினார்கள், பிறகுதான் எழுதினார்கள். என் ஆய்வு மேற்பார்வையாளர் ஸ்கந்தராஜா, "புலம்பல் ஒரு முறையா?" என்று கேட்டார். முறைதான் என்றேன்.

தேர்வில் அண்டை அயலார் பற்றிக் கேட்டிருந்தார்கள். வெளியே வந்தவள் சொன்னாள்: "உலகமயம் வரல டீச்சர். டோரிஸ் அக்காதான் வந்தாங்க."

முடிவு வந்த அன்று போன் செய்தாள். "கிரெடிட் டீச்சர், தேறிட்டேன். வார்டு வேலைக்கு மனு போட்டுட்டேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. "வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம்."

"எட்டு மாடி ஏறணுமே, கலா."

"நீங்க வாங்களேன்."

போனேன். கீழே அறிவிப்புப் பலகையில், திருத்திய அந்த இரண்டு பக்கமும் நிர்வாகத்தின் முத்திரையோடு ஒட்டியிருந்தன. அடியில் கலாதேவியின் கையெழுத்து.

மின்தூக்கியின் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு டோரிஸ் அக்கா வெளியே வந்தார்.