தங்கமுலாம் கேபிள்

லீவில் வந்து ஆறு நாளாகியும் நௌஷாட் டீவிக்குப் பின்னால்தான் கிடந்தான். ஹோம் தியேட்டரில் சத்தம் தெளிவில்லை என்று மனைவி ரிப்கா போனில் ஒருமுறை சொல்லியிருந்தாள். அதற்காகவே கட்டாரிலிருந்து தங்கமுலாம் பூசிய கேபிள் ஒன்றை விலை பார்க்காமல் வாங்கி வந்திருந்தான்.

"இப்ப எப்பிடி புள்ள?"

"அதேதான்."

ஏறாவூர்க் கடையில் முன்பு வாங்கிய மலிவுக் கேபிளை மாட்டினான்.

"இது?"

"அதுவும் அதேதான். இது டிஜிட்டல் மச்சான். சிக்னல் வந்தா முழுசா வரும், இல்லாட்டி வெட்டி வெட்டி வரும். விலை கூடினா சத்தம் இனிக்காது."

"பி.எஸ்ஸி. படிச்சவளக் கட்டினா இதான் கரச்சல்," என்று சிரித்தான். "அப்ப ஸ்பீக்கர்தான் பிழை. இன்னும் ரெண்டு வருஷம் நிண்டு நல்லதா ஒண்டு வாங்கிட்டு வாறன்."

இந்த லீவோடு வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருப்பதாகச் சொல்லியிருந்தவன் அவன். அவன் பயந்துபோவான் என்று இத்தனை மாதமாக ரிப்கா எதையும் சொல்லாமல் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் இடது காதில் வைத்தாள்.

"ஸ்பீக்கர்ல பிழையில்ல மச்சான். எனக்கு இந்தக் காது கேக்குதில்ல."