மணிக்கட்டு அளவு

"கையை நேராத் தூக்கன்" என்றாள் சாம்பவி.

அட்சயா கையை உயர்த்தினாள், ஆனால் முழங்கை மடிந்தே இருந்தது. பக்கத்தில் நிமிர்த்தி வைத்த நீலப் பனிச்சறுக்குப் பலகையின், அந்த ஸ்கீயின் நுனி அவளுடைய விரல்களைத் தாண்டி நின்றது. உயர்த்திய கையின் மணிக்கட்டுவரை வந்தால் அளவு சரி என்று கடைப் பெண் சொல்லியிருந்தாள். இது நீளம் போலிருக்கிறது என்று அவள் அதை எடுத்து ஓரமாகச் சாத்தினாள்.

சாம்பவியின் அம்மா சந்திரவதனாவுக்கு நிம்மதியாக இருந்தது. பிக்கரிங்கில் இருந்த அந்தக் கடைக்குள் நுழைந்ததுமே அவள் தெரிவை முடித்துவிட்டாள். சிவப்பில் இரண்டு சோடி, ஒரே நீளம்.

"ரெண்டு பேருக்கும் உதுவே காணும்" என்றாள்.

"அம்மா, இது கோயிலுக்குத் தைக்கிற பாவாடை இல்லை" என்றாள் சாம்பவி.

அட்சயா, சந்திரவதனாவின் தங்கை அருள்மலரின் மகள். ஊரில் யுத்தத்தில் ஷெல் விழுந்து அருள்மலர் இறந்த அடுத்த வருடம், எட்டு வயதில், ஒரு உறவினரோடு ரொறன்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அன்றே அவளுக்கென்று ஒரு குளிர்ச்சட்டை காத்திருந்தது, சாம்பவி போட்டிருந்த அதே நிறத்தில். அதன் பிறகு செருப்பு, சீப்பு, புத்தகப்பை, எல்லாம் இரண்டு இரண்டுதான். இறைச்சிக் கறியைக்கூடச் சந்திரவதனா துண்டு பார்த்துத்தான் இரண்டு தட்டிலும் போடுவாள். றிச்மண்ட் ஹில் கோயிலில் அருள்நாயகம் அண்ணையின் மனைவி யாருக்கோ சொன்னது ஒருமுறை காதில் விழுந்தது: "தன்ர பிள்ளை, உது தங்கச்சியின்ர பிள்ளை எண்டு ஒரு வித்தியாசமும் காட்டாள்." பிள்ளையைப் பொருள்போலச் சுட்டிய அந்த 'உது' நெஞ்சில் குத்தினாலும், மீதியைச் சந்திரவதனா பத்திரமாக வைத்துக்கொண்டாள். செத்துப்போன தங்கை கேட்டால் சொல்ல அவளிடம் அதைவிட வேறு பதில் இருக்கவில்லை.

இரண்டு பிள்ளைகளும் நாலு குளிர்காலமாகப் பள்ளிக்கூட பஸ்ஸில் பனியில் சறுக்க மலைக்குப் போய்வந்தார்கள். இந்த வருடம் இருவரும் பள்ளிக்கூட ஸ்கீ அணியில். வாடகை ஸ்கீ இனிச் சரிவராது, சொந்தமாக வாங்குங்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அவர்கள் சறுக்குவதைச் சந்திரவதனா ஒருநாளும் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் அவளுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை.

எப்படிச் சறுக்குவீர்கள், வேகமாகவா, நிதானமாகவா என்று கடைப் பெண் கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி" என்று அட்சயா உடனே ஆங்கிலத்தில் சொன்னாள்.

கடைப் பெண் சிவப்புச் சோடியை அடியோடு அடி சேர்த்து, நடுவில் இருந்த இடைவெளியைக் கையால் அமுக்கிக் காட்டினாள். இலகுவாக மூடிக்கொண்டது. இது மென்மையானது, வளைந்துகொடுக்கும், திருப்புவது சுகம். ஆனால் வேகமாக வருகிறவருக்குக் காலுக்குக் கீழே உதறும், பனி இறுகிக் கிடந்தால் பிடிக்காது, விழுத்திவிடும் என்றாள்.

சாம்பவி ஓரமாகச் சாத்தியிருந்த நீல ஸ்கீயை இழுத்து வந்தாள். "இவளுக்கு இதுதான் அம்மா வேணும். ஷீ இஸ் வே ஃபாஸ்ற்றர்."

"சும்மா சொல்லுறாள், பெரியம்மா."

"மலையில பாதி வழியில ஒரு பைன் மரம் நிக்குது. ஒவ்வொருக்காலும் அதில நிண்டு பூட்ஸ் இறுக்கிறன் எண்டு நடிப்பாள், நான் வந்து சேருமட்டும். இவளின்ர பூட்ஸ் ஒருநாளும் லூஸ் ஆனதில்லை. ரேஸிலயும் என்ர ரைமுக்குக் கிட்டத்தான் வந்து முடிப்பாள்." சாம்பவியின் குரலில் இப்போது பகிடி இல்லை. "எனக்கு அது விருப்பமில்லை அம்மா. ஐ ஹேற் இற்."

சந்திரவதனா அட்சயாவைப் பார்த்தாள். "ஏன் பிள்ளை?"

அட்சயா கடையின் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தானே, பெரியம்மா."

சந்திரவதனாவின் கையில் சிவப்பு ஸ்கீ இருந்தது. எத்தனை வருடம், எத்தனை கடைகளில் இப்படி இரண்டு இரண்டாகத் தூக்கியிருப்பாள். கொடுக்கிறோம் என்றே நினைத்திருந்தாள். ஒரு தட்டில் கூடிவிடக் கூடாதே என்று தான் பயந்த பயத்தை, தட்டுக்கு முன்னால் இருந்த பிள்ளையும் கற்றுக்கொண்டிருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரு சோடியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

"கையைத் தூக்கு பிள்ளை. முழுசா."

மடிந்திருந்த முழங்கையைத் தானே பிடித்து நிமிர்த்தினாள். நீல ஸ்கீயின் நுனி சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது.

காரில் ஸ்கீக்கள் பின்சீற்றிலிருந்து முன்பக்கம்வரை நீட்டிக்கொண்டிருந்தன. டோர்செட் பார்க்கில் தாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குள் திரும்பும்போது சாம்பவி சொன்னாள்:

"உன்ர நீலம் வடிவேயில்லை."

"உன்ர சிவப்பு அருள்நாயகம் அன்ரியின்ர லிப்ஸ்ரிக் மாதிரி இருக்கு" என்றாள் அட்சயா.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கூட வேலைசெய்யும் வேரோனிக்காவைத் தனக்குப் பதிலாக வேலைக்கு வரச் சொல்லிவிட்டு, சந்திரவதனா மலையடிவாரத்தில் நின்றாள். பனி பூட்ஸுக்குள் போய்க் கால்விரல்கள் மரத்திருந்தன. உச்சியில் இரண்டு ஊதா ஜாக்கெற்றுகள் தெரிந்தன. போன வருடம் அவளே வாங்கிக் கொடுத்தவை. அவ்வளவு தூரத்தில் எது யார் என்று பிடிபடவில்லை. ஸ்கீக்களின் நிறமும் பனிக்குள் புதைந்திருந்தது. பெற்ற பிள்ளை எது என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

ஒரு ஊதா பிரிந்து கீழே வந்தது. இடமும் வலமுமாக வளைந்து, வளைவுக்கு வளைவு வேகம் கூடி, பைன் மரத்துக்குக் கிட்ட வந்தது. அங்கே வந்ததும் உடம்பு நிமிர்ந்தது, வேகம் தளர்ந்தது. ஒரு கை பூட்ஸை நோக்கிக் கீழே போயிற்று.

மெல்லப் போங்கோ, பார்த்துப் போங்கோ என்று வாசலில் நின்று தினமும் சொல்லும் வாயால் சந்திரவதனா சொன்னாள்:

"நில்லாதை, பிள்ளை."

பக்கத்தில் நின்றவர்களுக்கே அது கேட்டிருக்காது. மேலே மற்ற ஊதா, கையில் இருந்த சறுக்குக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கி, போ என்று பெரிதாக ஆட்டியது. மரத்தடியில் குனிந்திருந்தவள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முழங்கால்களை மடித்துக் கீழ்நோக்கிப் பாய்ந்தாள். மரத்தைச் சுற்றிப் பனி மாவுபோல எழும்பி, அவள் நின்ற இடத்தை மறைத்தது.