நிற்பவர்கள் கால்பந்து கிளப்

எங்கள் கால்பந்து கிளப் ஓடாத பஸ்ஸில் பிறந்தது. பாலத்து சிக்னலில் சிவப்பு விழுந்து அப்போது ஐந்தாவது மாதம். சும்மா நிற்பதற்கு ஏதாவது விளையாடலாமே என்று கண்டக்டர் துலுக்காணம் விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அன்று சாயங்காலமே தொடங்கிவிட்டோம்.

சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கமிட்டி. எழுந்தால் சீட் போய்விடும் என்பதால் அவர்களால் விளையாட முடியாது. நின்றுகொண்டிருந்த பதினோரு பேர் அணி. பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். பஸ்ஸில் எப்படியோ மைதானத்திலும் அப்படியே. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த மோசஸ் அண்ணன் கோல்கீப்பர். நான் எழிலரசி, இடது விங். துணிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை. பத்து மணி நேரம் கடையில் நின்றுவிட்டு பஸ்ஸிலும் நிற்கிறவள். என்னைவிட நிற்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

கிளப்புக்கு ‘நிற்பவர்கள்’ என்று பெயர் வைத்தோம். பாலத்துக்குக் கீழே இருந்த மைதானத்தில் பயிற்சி.

லீக் செயலாளர் பரசுராமன் ஒருநாள் பஸ்ஸில் ஏறி ரிஜிஸ்டரைத் திறந்தார்.

“உங்க ஏரியா எது?”

ஆளுக்கொரு ஏரியா சொன்னோம். அவர் பேனாவை மூடிவிட்டார்.

“ஏரியா இல்லாத கிளப்பை எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. ஞாயித்துக்கிழமை மேட்டுத்தெரு அணியை ஜெயிச்சுக் காட்டுங்க, எழுதுறேன். தோத்தா கிளப்பைக் கலைச்சிட்டு, அவங்கவங்க இறங்குற ஸ்டாப்போட அணியில சேர்ந்துக்கணும்.”

சிவப்பு விழும்வரை பதினாறு வருஷம் ஒரே ஸ்டாப்பில் இறங்கியவள் நான். ஒரு மனுஷர்கூட என் பெயரைக் கேட்டதில்லை. கடையில் நான் வெறும் ‘ஏம்மா’. இந்த பஸ்ஸில்தான் கமிட்டி மொத்தமும் ஜன்னலில் தலையை நீட்டி “எழில், எழில்” என்று கத்தியது. அதை எவனுக்கும் விட்டுக்கொடுப்பதாக நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாதி எங்களைக் கவிழ்த்துவிட்டது. ரெஃப்ரி ஒரு விசில் கொடுத்தார். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் ஸ்டாப் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு மைதானத்தை விட்டு இறங்கிப் போனார்கள். மீதி ஒன்பது பேரும், புறப்படுவதற்கான இரட்டை விசில் வரட்டும் என்று நின்ற இடத்திலேயே நின்றோம். அந்த மனிதர் ஊதவே இல்லை. அதற்குள் மேட்டுத்தெரு இரண்டு கோல் போட்டுவிட்டது. தப்பு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

இடைவேளையில் துலுக்காணம் வந்தார்.

“இன்னா எழிலு, மூஞ்சி இப்டித் தொங்குது? பந்துன்னு நெனச்சாதான் பயம். டிக்கெட்டுனு நெனச்சுக்கோ. பின்னாடி வாங்கு, முன்னாடி குடு. அவ்ளோதான் மேட்டரு.”

அட, ஆமாம்! கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவர் கொடுக்கும் டிக்கெட்டை இந்த நகரத்தில் யாராவது பாதியில் கீழே போட்டதுண்டா?

மோசஸ் அண்ணன் “கொஞ்சம் முன்னாடி குடுங்க” என்று உருட்டினார். பந்து கால் மாறி கால் மாறி வந்தது. நடுவில் மேட்டுத்தெரு ஆள் ஒருவர் குறுக்கே நின்றார். “அண்ணா, முன்னாடி ஒண்ணு” என்றேன். அவரும் திரும்பிப் பார்க்காமல் வாங்கி முன்னால் கொடுத்தார். முதல் கோல். இரண்டாவதற்கு அவர்கள் அணியில் நான்கு பேர் உதவினார்கள். கடைசியில் இருந்தவர் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்றுகூட எட்டிப் பார்த்தார்.

இன்னும் ஒரு நிமிஷம்தான். பந்து என் காலில். எதிரே அவர்களுடைய கோல்கீப்பர், கதவை அடைத்த மாதிரி ஆள். வார்த்தை தானாக வந்தது.

“சார், வழி விடுங்க. இறங்கணும்.”

“முன்னாடியே வரக் கூடாதாம்மா?” என்று அலுத்துக்கொண்டு, வயிற்றை எக்கி, ஒருக்களித்து நின்றார். நான் பந்தோடு வலைக்குள் இறங்கினேன்.

மூன்றுக்கு இரண்டு! பாலத்தின் மேலிருந்து எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. கமிட்டியில் பாதிப் பேர் சீட்டில் கர்ச்சீஃப் போட்டுவிட்டு எழுந்து ஆடினார்கள். நான் மைதானத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷம், வேறென்ன. பரசுராமன் பேனாவைத் திறந்து, ஏரியா என்ற இடத்தில் ‘போகிற வழி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை எங்கள் பதினோரு பேருடைய ஸ்டாப்புகளும் பாலத்தின் மேல் நடந்து வந்தன. நிழற்குடை, போஸ்டர், பூக்காரம்மா சகிதம் பஸ்ஸுக்கு வெளியே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் கிளப் தன்னுடையது என்றது.

“சண்டை போடாத, ஒண்ணொண்ணா ஏறு, நடுவுல எடம் கீது பாரு” என்றார் துலுக்காணம்.

என் ஸ்டாப் கடைசியாக ஏறியது. உட்கார இடம் இருக்குமா என்று என்னிடம் கேட்டது. கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.