கறிக்கடைக்காரரின் பட்டாம்பூச்சிகள்

அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு, வெள்ளிக்கிழமை மாலை பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை வரை அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. வேலையில் ஒரு குறையும் இல்லை. சக டிரைவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் எல்லாருக்கும் குடும்பம், ஏற்கெனவே அமைந்த சிநேகம். நாற்பது தாண்டிய ஒரு தனி மனுஷியைச் சேர்த்துக்கொள்ள யாருக்கு நேரம்? ஒரு ஞாயிறன்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது. அன்றைக்கு அவள் உண்மையாகவே பயந்துபோனாள்.

அக்கா மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஏதோ சண்டை போடுகிற விளையாட்டு அட்டைகள் வேண்டும் என்றாள். விசாரித்ததில், சாவி செய்யும் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே அதற்கென்றே ஒரு கடை இருப்பது தெரிந்தது. சனிக்கிழமை மதியம் போனாள்.

உள்ளே நீள மேசைகளில் ஆட்கள் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரரை எல்லாரும் தாடி என்றே கூப்பிட்டார்கள். தாடி என்னவோ இப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அவளைக் கண்டதும் கடவுளைக் கண்டவர்போல முகம் மலர்ந்தார்.

"அக்கா, ஒரு உதவி. போட்டி ஆரம்பிக்கணும், ஜோடி சேர ஒரு ஆள் குறையுது. கொஞ்சம் உக்காருறீங்களா?"

"நான் பரிசு வாங்க வந்தேன் தம்பி. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரியாட்டி என்ன? அட்டைக்கட்டு நான் தரேன். நீங்க தோத்தாலும் பரவாயில்லை, உக்காந்தா போதும்."

இவ்வளவு சுலபமான வேலையை யாரும் அவளுக்குத் தந்ததில்லை. உட்கார்ந்தாள்.

எதிரே இருந்தவர் ஆஜானுபாகுவான மனிதர். சந்தையில் கறிக்கடை வைத்திருப்பவர். நகக்கண் வரை தேய்த்துக் கழுவிய பெரிய கைகள். அந்தக் கைகளால் அவர் ஒவ்வொன்றாக மேசையில் வைத்ததோ பட்டாம்பூச்சிகள். நீலம், மஞ்சள், கண்ணாடி இறகு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்கம்மா, எல்லாரும்தான் சிரிக்கிறாங்க" என்றார். "நாள் பூரா வெட்டுறவன், இங்கயாவது பறக்க விடுறேன்."

பறந்த பூச்சிகள் அவளைச் சீக்கிரமே முடித்துக்கட்டின. என்ன நடந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை. வேறொருவராக இருந்தால் கைகுலுக்கிவிட்டு எழுந்து போயிருப்பார். இவரோ தன் கையிலிருந்த அட்டைகளைத் திருப்பி, முகம் தெரிய மேசையில் பரப்பினார்.

"இப்ப ரெண்டு பேரும் தொறந்து வெச்சே ஆடுவோம். இதைப் பாருங்க, இது ஊற்று அட்டை. இதை வெச்சாத்தான் சக்தி வரும். சக்தியைக் கொடுத்தாத்தான் பூச்சியோ புலியோ எறங்கும். அவ்வளவுதான் விளையாட்டு. மீதியெல்லாம் கோபமும் பொறாமையும்."

அன்று நான்கு சுற்றிலும் தோற்றாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தால் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். பையில் அக்கா மகளுக்கு ஒரு கட்டு, தனக்கு ஒரு கட்டு.

அக்காவிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"சீட்டாட்டமா? ஏண்டி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நம்ம குடும்பத்துல யாராவது சீட்டுக்கட்டைத் தொட்டிருக்காங்களா?"

"அந்தச் சீட்டு இல்லக்கா. இதுல புலி, பூச்சி எல்லாம் இருக்கு."

"புலி மேல பணம் கட்டுறீங்களா?" என்று அக்கா அலற, விளக்கி முடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை தன் கட்டோடு போனாள். வாரம் முழுக்க யோசித்து அதைத் திருத்தியிருந்தாள். ஊற்று அட்டைகள் பார்க்கச் சப்பென்று இருந்ததால் பாதியை எடுத்துவிட்டு, கடையில் தனியாக வாங்கிய பெரிய பெரிய மிருகங்களாகச் சேர்த்திருந்தாள். ஆட்டத்தில் கை நிறைய யானையும் சிங்கமும் இருந்தன. ஒன்றைக்கூட இறக்க முடியவில்லை.

கறிக்கடைக்காரர் கட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "டிரைவரம்மா, டீசல் போடாம வண்டி எடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"பின்ன இது என்ன?"

பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஊரில் நாலு பேரோடு சேர்ந்து அவள் சிரித்தது அதுவே முதல் முறை.

அன்று கிளம்பும் முன் ஆசைக்கு, உள்ளே என்ன அட்டை இருக்கும் என்று தெரியாத ஒரு பாக்கெட்டை வாங்கிப் பிரித்தாள். கடைசியாக இருந்த அட்டை திருப்பும் பக்கமெல்லாம் நிறம் மாறியது. பொன் இறகுகளோடு பட்டாம்பூச்சி அரசி. அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்யாண ஃபோட்டோ எடுக்கும் ஒருவர் எட்டிப் பார்த்தார். உடனே தன் ஃபைலைத் திறந்து பளபளப்பான அட்டைகளைக் கத்தையாக உருவினார்.

"இது அத்தனையும் எடுத்துக்கங்க. அந்த ஒண்ணை மட்டும் குடுங்க. புதுசா ஆடுறவங்களுக்கு நெறைய அட்டை வேணும்ல?"

நியாயமாகத்தான் பட்டது. அவள் அரசியை நீட்டிவிட்டாள். அதற்குள் குறுக்கே ஒரு பெரிய கை வந்தது.

"டிரைவரம்மா, உள்ள வைங்க. அவர் ஃபைல் முழுசும் குடுத்தாலும் அதுக்கு ஈடாகாது."

ஃபோட்டோக்காரர் அசடு வழிந்தார். "சும்மா கேட்டுப் பார்த்தேண்ணே."

"நானும் சும்மாதான் சொல்லி வெச்சேன்" என்று கறிக்கடைக்காரர் சிரித்தபடி தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் தாடி அவள் காதருகே குனிந்து சொன்னார். "அக்கா, அந்த அரசியை அண்ணன் வருஷக்கணக்கா தேடிட்டு இருக்காரு. அவர் கட்டுல அது ஒண்ணுதான் இல்ல. அவர் கேட்டிருந்தா நீங்க சும்மாவே குடுத்திருப்பீங்க."

உண்மைதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்கவில்லையே என்பதுதான் அவளை உட்காரவிடவில்லை. எழுந்து போய் அட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இது உங்ககிட்டதான் இருக்கணும். எடுத்துக்கங்க."

அவர் அதை விரல் நுனியால்கூடத் தொடவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு அவள் பக்கமே தள்ளினார்.

"உங்க முதல் பாக்கெட்ல வந்தது. உங்களைத் தேடி வந்திருக்கு. எனக்கு வேணும்னா ஒண்ணு செய்யுங்க, இதை வெச்சு என்னைத் தோக்கடிங்க. கண்ணாரப் பார்த்துக்கறேன்."

"எனக்குப் பட்டாம்பூச்சியே கிடையாதேண்ணே."

"அதுக்கென்ன, என்கிட்ட மிச்சம் கிடக்கே!"

மறுவாரம் ஒரு காலி பிஸ்கட் டப்பா நிறையப் பூச்சிகள் கொண்டுவந்தார். மேசையில் கொட்டி, எது முதலில் இறங்க வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று அவளோடு உட்கார்ந்து கட்டை அமைத்தார். அவருடைய மனைவி, கடைக்கு வந்தால் மூலையில் உட்கார்ந்து ஏதாவது பின்னிக்கொண்டிருப்பவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "கல்யாணமான நாள்ல இருந்து என்கிட்ட இந்தப் பொறுமையை இவர் காட்டினதே இல்லைம்மா."

"உன்கிட்ட யாரு சொல்லிக்கொடுக்க முடியும்?" என்றார் அவர்.

அவள் தோற்றாள். அதற்கடுத்த வாரமும் தோற்றாள். ஆனால் இப்போது ஏன் தோற்றோம் என்பது தெரிந்தது. சிக்னலில் பேருந்து நிற்கும்போது, அந்தக் கட்டத்தில் வேறு பூச்சியை இறக்கியிருக்கலாமோ என்று யோசனை ஓடும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்ததே தெரியும்.

மழைக்காலத்தில் ஒரு நாள், தொடர்ந்து மூன்று முறை சரியான அட்டை வந்தது. அவசரப்படாமல் காத்திருந்தாள். அவருடைய பூச்சிகள் எல்லாம் பாய்ந்து ஓய்ந்த பிறகு அரசியை இறக்கினாள். மற்ற பூச்சிகளுக்கெல்லாம் பலம் இரட்டிப்பாயிற்று. தாக்கினாள். கணக்குச் சரிதானா என்று இரண்டு முறை பார்த்தாள். சரிதான். அவர் தோற்றுவிட்டார்.

கறிக்கடைக்காரர் நாற்காலி சாய எழுந்து நின்றார். "எல்லாரும் இங்க பாருங்கப்பா! டிரைவரம்மா என்னை அடிச்சு நொறுக்கிட்டாங்க!" கடை முழுக்கக் கைதட்டல். வென்றவளைவிடத் தோற்றவர் முகத்தில்தான் அவ்வளவு சந்தோஷம். குனிந்து, மேசையிலிருந்த அரசியை ஆசைதீரப் பார்த்தார்.

வெளியே வந்து, அவரும் மனைவியும் அவளுமாக மூவரும் குடையை விரித்துக்கொண்டு நின்றபோது அவள் சொன்னாள். "அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. விளையாட்டுக்கு மட்டும் இல்ல."

அவர் சங்கடப்பட்டு மழையைப் பார்த்தார். அவர் மனைவிதான் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"நன்றியெல்லாம் இவருக்கு வாங்கத் தெரியாதும்மா. நாளைக்கு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வா."

போனாள். அவர் மனைவி அவளுக்கு அண்ணியாகிவிட்டார். சாப்பிட்ட பிறகு, அண்ணி ஒரே ஒரு ஆட்டமாவது ஆடிப் பார்க்கட்டும் என்று கட்டைப் பிரித்தாள். இவ்வளவு நாள் மூலையில் உட்கார்ந்திருந்தவர் உள்ளுக்குள் ஆசையோடுதான் இருந்திருப்பார் என்பது அவள் எண்ணம். அண்ணி அட்டைகளைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றிலும் இருந்த பொடி எழுத்துகளைப் படித்து, பத்து நிமிடத்தில் மேசையில் வைத்துவிட்டார்.

"எனக்கு இது கொஞ்சங்கூடப் பிடிக்கலை. மனசுல வெச்சுக்காத. வா, மழை விட்டிருக்கு, ஒரு நடை போயிட்டு வரலாம்."

கறிக்கடைக்காரர் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தெருமுனை திரும்புவதற்குள் அண்ணி கதவைச் சாத்தினோமா என்று சந்தேகப்பட்டுத் திரும்பி ஓட, அவளும் சிரித்தபடி பின்னாலேயே ஓடினாள்.